சுழலும் மிசினுக்குப் பக்கத்தில்: உடையும் முடியும் கையும் சிக்காமல் வேலை செய்வது எப்படி

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு சாரம் போனது. யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கம் பெரியப்பாவின் தோட்டம், வெங்காயத்துக்கு இறைப்பு. கிணற்றடிக் கொட்டிலில் பெல்ட் போட்டு ஓட்டும் பழைய பம்ப். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் கிடந்த ஸ்பனரை எடுக்கக் குனிந்தேன். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துத்தான் கட்டியிருந்தேன். பின்பக்கம் ஒரு தலைப்பு தொங்கியிருக்க வேண்டும். ஏதோ இழுத்தது என்று உணர்ந்தபோது இடுப்பில் சாரம் இல்லை. பெல்ட் சக்கரத்தில் அது கயிறு மாதிரி முறுகி இறுகிக் கிடந்தது. பிறகு அதைக் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தோம்.

கொட்டிலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எங்கள் அப்பு மாதிரி சாரத்துக்கு மேல் அகலமான பெல்ட் கட்டுகிற பழக்கம் எனக்கு இருந்திருந்தால், சாரம் கழன்று போயிருக்காது, நானும் அதோடு உள்ளே போயிருப்பேன். இது எனக்கு விளங்கக் கொஞ்சக் காலம் பிடித்தது.

பெரியப்பா அன்று கேட்டது ஒரே கேள்வி: "கவனமில்லாமல் என்னடா செய்தனீ?" இன்று மில் மிசின்களும் மோட்டர்களும் திருத்துவதுதான் என் தொழில். விபத்து நடந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி காதில் விழுகிறது. கவனம் இருந்திருந்தாலும் அன்று அந்தச் சாரம் போயிருக்கும். ஏன் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மிசினின் வேகமும் உங்கள் வேகமும்

நம் ஊரில் மில்களில் பாவிக்கும் மோட்டர்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்குச் சுமார் 1440 தரம் சுற்றுபவை. ஒரு செக்கனுக்கு 24 சுற்று. அதில் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சக்கரம் இருந்தால், அதன் விளிம்பு ஒரு செக்கனில் ஏழரை மீற்றர் ஓடுகிறது. சாரத்தின் முழுச் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீற்றர், அதை விழுங்க கால் செக்கன் போதும். ஐந்தரை மீற்றர் சேலைக்கு முக்கால் செக்கன். விரித்துவிட்ட தலைமயிருக்குப் பத்தில் ஒரு செக்கன்கூடத் தேவையில்லை.

மனிதன் ஒன்றை உணர்ந்து கையை அசைக்கவே கிட்டத்தட்ட கால் செக்கன் ஆகும். அதாவது "ஐயோ" என்று நினைத்து முடிக்கும்போது சாரம் முடிந்துவிட்டது.

வழுவழுப்பான தண்டு எப்படித் துணியைப் பிடிக்கும் என்று சிலர் கேட்பார்கள். குருநகரிலோ மயிலிட்டியிலோ படகைக் கட்டுகிறவரைப் பாருங்கள். கயிற்றைக் கட்டையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். அலை முழுப் படகையும் இழுத்தாலும் கயிறு வழுக்காது. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்றில் பிடி ஆறரை மடங்காகும், இரண்டாவது சுற்றில் நாற்பது மடங்கைத் தாண்டும். தண்டில் சிக்கிய துணிக்கும் இதே கணக்குத்தான். முதல் சுற்று வெறும் ஒட்டல், மூன்றாவது சுற்றில் உங்கள் முழுப் பலத்தாலும் உருவ முடியாது. கட்டையில் கயிற்றைச் சுற்றுவது மனிதன், இங்கே சுற்றுவது மோட்டர், வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்புறம் மெதுவாகச் சுற்றுவதைப் பற்றி. எள்ளு ஆட்டும் மோட்டர்ச் செக்கு ஆடி அசைந்துதான் சுற்றும், அதனால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். பல்சக்கரம் போட்டு வேகத்தை நூறில் ஒன்றாகக் குறைத்தால், இழப்புப் போக, முறுக்கும் பலம் ஏறத்தாழ நூறு மடங்கு கூடுகிறது. அரைக்கும் மில்லின் பெல்ட் சில வேளை வழுக்கி உங்களை விட்டுவிடலாம். செக்கு விடாது, எலும்பு அதற்கு ஒரு தடையே இல்லை.

ஆகவே கீழே சொல்வதெல்லாம் ஒரே எண்ணத்தில் சொல்வது: நித்திரை குறைந்த நாளிலும், கடன்காரர் வாசலில் நிற்கும் நாளிலும், ஆடிப்பிறப்புக்கு முதல்நாள் மா இடிக்க ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போதும் கை தப்ப வேண்டும். கவனம் இருக்கிற நாளில் எல்லோரும் தப்புவார்கள்.

முதல் படி: வாய்களை எண்ணுங்கள்

மிசின் நிற்கும்போது, சுவிச் நிறுத்தியபிறகு, அதைச் சுற்றி மெதுவாக ஒரு தரம் நடவுங்கள். எங்கெங்கே அது எதையாவது உள்ளே இழுக்கும் என்று தேடுங்கள். நான் இவற்றை "வாய்" என்று சொல்வேன். மூன்று வகைதான் உண்டு.

ஒன்று, இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று நோக்கிச் சுற்றிச் சேரும் இடம். பெல்ட் சக்கரத்தில் ஏறும் இடம், பல்சக்கரங்கள் கடிக்கும் இடம், சங்கிலி பல்லில் ஏறும் இடம், இரண்டு உருளைகளுக்கு நடு. பெல்ட்டில் ஒரு பக்கம் உள்ளே வாங்கும், மறுபக்கம் வெளியே விடும். வாங்குகிற பக்கம்தான் கூடுதல் ஆபத்து. எது வாங்குகிற பக்கம் என்று தெரிய, மோட்டர் சுற்றும் திசையை அம்புக்குறியாகச் சுண்ணாம்பால் சுவரில் வரைந்துவிடுங்கள்.

இரண்டு, தனியாகச் சுற்றும் தண்டு. எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். பல்லும் இல்லை, கத்தியும் இல்லை, சும்மா ஒரு இரும்புக் கம்பி என்று கண்ணுக்குப் படும். ஆனால் தண்டின் நுனியில் ஆப்பு அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது சக்கரத்தை இறுக்கிய போல்ட்டின் தலை துருத்தியிருக்கும். துணியைக் கொக்கி போட்டுப் பிடிப்பது அதுதான். உழவு இயந்திரத்தின் பின்னால் வரும் தண்டு நிமிடத்துக்கு 540 தரம், செக்கனுக்கு ஒன்பது தரம் சுற்றுகிறது. சுற்றும்போது அது அசையாமல் நிற்பது போலவே தெரியும்.

மூன்று, சுற்றுகிற ஒன்றுக்கும் அசையாத ஒன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நெல் குத்தும் மிசினின் உள்ளே திருகும் உருளையும் வெளிக்கூடும், மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரின் கத்தியும் அதன் தகரமும், மிளகாய் அரைக்கும் மிசினின் வாயும் உள்சுத்தியலும்.

ஒரு துண்டுத் தாளில் இவற்றை எழுதுங்கள். சாதாரண அரைக்கும் மில் ஒன்றில் எனக்கு ஏழுக்குக் குறைந்து வந்ததில்லை. முதலாளிமாரைக் கேட்டால் இரண்டு, மூன்று என்பார்கள்.

இரண்டாம் படி: உங்கள் உடம்பில் தொங்குவதை எடுங்கள்

சாரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மடித்துக் கட்டுவது தீர்வல்ல. கால்சட்டை போடுங்கள், அரைக்கால்சட்டையும் சரிதான். சேர்ட் உள்ளே விட்டிருக்க வேண்டும். கையைச் சுருட்டிவிடுவதென்றால் முழங்கைக்கு மேல் இறுக்கமாகச் சுருட்டுங்கள், அரைகுறையாகச் சுருட்டிய கை தளர்ந்து தொங்கும். தோளில் துவாய் போட்டுக்கொண்டு வேலை செய்வது நம் ஆட்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. அதை மில் வாசலில் ஒரு ஆணியில் கொழுவிவிட்டு உள்ளே போங்கள். மழைக்காலத்தில் ரெயின்கோட்டோடு மிசினடிக்கு வருவது, காதில் வயர் கொழுவிப் பாட்டுக் கேட்பது, காயத்துக்குக் கட்டிய துணியின் நுனி தொங்குவது, இவையும் அதே கணக்கு.

பெண்களுக்குச் சேலையும் சோலும் (துப்பட்டா) வேண்டாம். மேலே பித்தான் போட்ட சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு, தலைமயிர் காயட்டும் என்று விரித்துவிட்டபடி மா அரைக்க வருவதை ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறேன். மில்லில் வேலை செய்கிறவருக்குத்தான் கவனம் வேண்டும், சாமான் கொண்டு வருகிறவருக்கு வேண்டாம் என்று ஒன்றும் கிடையாது. பின்னலும் போதாது, பின்னல் ஒரு கயிறுதான். கொண்டையாகச் சுருட்டித் தொப்பிக்குள்ளோ வலைக்குள்ளோ வைக்க வேண்டும். தலையில் கட்டும் துணியின் முடிச்சுத் தலைப்பு பின்னால் தொங்கினால், அதுவும் வாலாகிவிடும்.

இனி நகை. மெல்லிய சங்கிலி அறுந்துவிடும், யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி அறாது. கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கழுத்துவரை பித்தான் போட்ட சட்டைக்குள் வைத்து, உள்ளே ஊசியும் குத்திக்கொள்ளலாம். மோதிரம் வேறு விஷயம், அதைக் கட்டாயம் கழற்ற வேண்டும். மோதிரம் சிக்கினால் விரலின் தோலையும் சதையையும் உறை மாதிரி உரித்துக்கொண்டு வரும். சிறிய காயம் போலத் தெரிந்தாலும் விரலுக்கு இரத்தம் போகும் குழாய்கள் அறுந்திருக்கும்.

கேதாரகௌரிக் காப்பு நூலைப் பற்றி எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். பலர் அதை அடுத்த வருட விரதம் வரை மணிக்கட்டில் கட்டியிருப்பார்கள், நாளாக ஆக அது தளர்ந்து நுனி பிரிந்து தொங்கும். எனக்குத் தெரிந்த மில் ஒன்றில் வேலை செய்யும் அக்கா அதைப் புயத்துக்கு ஏற்றிச் சட்டைக் கைக்குள் வைத்துக் கட்டிக்கொள்கிறார். ஐயரிடம் கேட்டாராம், அவர் மறுப்பொன்றும் சொல்லவில்லையாம். கைமணிக்கூடும் கறுப்புக் கயிறும் இதே வகைதான்.

கையுறை பற்றிப் பலருக்குத் தலைகீழான எண்ணம். மூட்டை தூக்க, தகரம் பிடிக்க, சூடான சாமான் எடுக்க கையுறை நல்லது. சுற்றுகிற மிசினில், அதாவது துளைபோடும் மிசின், லேத், கிரைண்டர், பெல்ட் ஆகியவற்றில், கையுறை போடவே கூடாது. வெறுங்கையின் தோல் பட்டால் காயம்தான். கையுறையின் நூல் ஒன்று பிடிபட்டால் முழுக் கையும் போகும். துளைபோடும்போது சுருள் சுருளாக வரும் இரும்புத்தூளை விரலால் இழுக்காதீர்கள். மிசினை நிறுத்திவிட்டுப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். லேத்தில் எமரித்தாளை விரலில் சுற்றிக்கொண்டு மினுக்குவதும் இதே சங்கதிதான். தாள் சுருண்டால் விரலும் சுருளும்.

மூன்றாம் படி: வாயை மூடுங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் காசையும் நேரத்தையும் போட வேண்டும். உடுப்பை ஒரு நாள் மறப்பீர்கள், போல்ட் போட்டு இறுக்கிய மூடி மறக்காது. இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஓடும் பாகங்களுக்கு மறைப்புப் போட வேண்டும் என்று சொல்கிறது. எண்பது வருடத்துக்கு மேல் ஆகியும் மில்களில் மறைப்பு சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது, மேலே சாக்கு காயப்போட வசதியாக.

ஏன் கழற்றுகிறார்கள்? மூன்று காரணம் கேட்டிருக்கிறேன். மோட்டர் சூடாகிறது, பெல்ட்டின் நிலை தெரியவில்லை, கிறீஸ் போட முடியவில்லை. மூன்றும் நியாயமான காரணங்கள், அதனால் சண்டை பிடிக்காமல் மூடியை மாற்றுவதுதான் வழி. முழுத் தகரத்துக்குப் பதிலாக ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் வெல்ட் பண்ணிய கம்பி வலை போடுங்கள். காற்றும் போகும், பெல்ட்டும் தெரியும். கிறீஸ் போடும் முனைக்கு ஒரு சிறு குழாய் போட்டு மூடிக்கு வெளியே கொண்டு வாருங்கள். மூடியின் ஒரு பக்கத்தில் பிணைச்சல் வைத்து, மறுபக்கம் ஸ்பனரால் மட்டுமே திறக்கக்கூடிய இரண்டு போல்ட் போதும். கழற்றிப் பூட்ட அரை மணித்தியாலம் பிடிக்கும் மூடியை ஒருவரும் திரும்பப் பூட்ட மாட்டார்கள்.

வலையின் கண்ணுக்கும் தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அரை அங்குலச் சதுரக் கண் என்றால் பெல்ட்டிலிருந்து குறைந்தது 12 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும், விரல் உள்ளே போனாலும் எட்டக் கூடாது. கோழிக்கூட்டு வலை போதாது. கண் பெரிது, சாய்ந்தால் வளைந்தும் விடும். இது பெரியவர்களின் கைக்கான அளவு. சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் மில்லில் கண் இன்னும் சிறியதாக இருக்கட்டும்.

மூடி மேலும் இரு பக்கமும் அடியும் மூடியிருக்க வேண்டும். முன்னால் மட்டும் மறைத்துவிட்டுப் பின்னால் திறந்துவிடுவது வழக்கம். கூட்டுகிறவர் பின்னால்தான் போகிறார், துடைப்பமும் கையுமாக. துருத்திய தண்டு நுனிக்கு ஒரு குழாய்த் துண்டை அடைத்து, அசையாத சட்டத்தில் பூட்டிவிடுங்கள். இன்னொரு சின்ன வேலை: பெல்ட் சக்கரத்துக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்துவிடுங்கள். மூடி இல்லாத நாளில் வாசலில் நின்றே கண்ணில் குத்தும்.

நான்காம் படி: தொடுவதற்கு முன் உண்மையாகவே நிறுத்துங்கள்

சுவிச்சைத் தட்டுவது நிறுத்துவதன் தொடக்கம் மட்டும்தான். அடைப்பு எடுக்க, பெல்ட் மாற்ற, சல்லடை கழற்ற, துடைக்க, எதற்கானாலும் இந்த வரிசை.

1. பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லுங்கள்: "நிப்பாட்டுறன், ஒருத்தரும் தொடாதேங்கோ."

2. மிசினின் சுவிச்சை நிறுத்துங்கள்.

3. மெயின் சுவிச்சையும் இறக்குங்கள், அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள். சிவப்புக் காளான் பொத்தான் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். அது அவசரத்துக்குத்தான், அதை யாரும் திருகி விடுவிக்கலாம்.

4. பூட்டுப் போடுங்கள். மெயின் சுவிச் பெட்டியில் பூட்டுக் கொழுவ ஓட்டை இருக்கும், இல்லையென்றால் வயரிங் செய்கிறவரிடம் சொல்லிப் போடுவித்துக்கொள்ளுங்கள். திறப்பு உங்கள் பொக்கற்றில். பிளக் என்றால் அதை உங்களோடு எடுத்துக்கொண்டு வாருங்கள், வயர் எட்டாவிட்டால் ஒரு டப்பாவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். டீசல் எஞ்சின் என்றால் எண்ணெய்க் குழாயை மூடிவிட்டு, ஸ்டார்ட் பண்ணும் கைபிடியைக் கையோடு எடுங்கள்.

5. நிற்கும் வரை காத்திருங்கள். பெரிய சக்கரம் உள்ள மிசின் கரண்ட் இல்லாமலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். கட்டையாலோ காலாலோ அழுத்தி நிறுத்த வேண்டாம்.

6. திரும்ப ஒரு தரம் சுவிச்சைப் போட்டுப் பாருங்கள். ஓடவில்லை என்றால்தான் சரியான மெயினை இறக்கியிருக்கிறீர்கள். பார்த்துவிட்டு மறக்காமல் திரும்ப நிறுத்துங்கள்.

ஆறாவதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. ஒரு மில்லில் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது, இறக்கியது பக்கத்து மிசினின் மெயின் என்று இந்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. பெட்டியில் எழுதியிருந்த இலக்கங்கள் எந்தக் காலத்தியதோ.

அடைபட்ட மிசினில் இன்னொரு விஷயம் உண்டு. இறுகி நின்ற உருளையில் பெல்ட் வில்லாக இழுபட்டு நிற்கும், அடைப்பை எடுத்தவுடன் அரைச் சுற்று சுற்றும். அதனால் முதலில் பெல்ட்டைத் தளர்த்துங்கள், அடைப்பை விரலால் எடுக்காமல் கட்டையால் எடுங்கள்.

கரண்ட் போவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். மிசின் நிற்கும். சரி, இந்த நேரத்தில் உள்ளே ஒட்டியதைத் துடைப்போம் என்று கையை விடுவார்கள். கரண்ட் திரும்ப வரும்போது முன்னறிவித்தல் தந்து வராது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோதாவது நேர அட்டவணை இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டதாகச் சொன்னார்களே, அதற்கு என்ன அட்டவணை? கரண்ட் போனால் முதல் வேலை சுவிச்சை நிறுத்துவது. மோட்டருக்குச் சாதாரண சுவிச்சுக்குப் பதிலாக ஸ்டார்ட்டர் போட்டால், கரண்ட் போனவுடன் அது தானாக விடுபடும், நீங்கள் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் திரும்ப ஓடாது. மூடிக்கு அடுத்ததாகக் காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள்.

ஓடும்போது செய்யக் கூடாத நம்மூர் வேலைகள்

ஒற்றைப் பேஸ் மோட்டர் உறுமிக்கொண்டு நின்றால், பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டு ஓடவைப்பது. இதை எத்தனையோ பேர் எனக்குத் தொழில் நுட்பமாகவே சொல்லித் தந்திருக்கிறார்கள். கப்பாசிட்டர் பழுது என்பதைத்தான் மோட்டர் சொல்கிறது. கரண்ட் ஏறிய மோட்டரின் பெல்ட்டைப் பிடித்து இழுக்கும்போது, ஓடத் தொடங்கும் அந்தக் கணத்தில் விரல்கள் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கின்றன. கப்பாசிட்டரை மாற்றுங்கள். மாற்றும்போது அதுவும் கரண்டைச் சேர்த்து வைத்திருக்கும் என்பதால் தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள்.

வழுக்கும் பெல்ட்டுக்கு ஓடும்போதே மெழுகோ பிசினோ பூசுவது அடுத்தது. பெல்ட் வழுக்கினால் தளர்ந்திருக்கிறது, அல்லது தேய்ந்துவிட்டது. நிறுத்தி இறுக்குங்கள், அல்லது மாற்றுங்கள். ஓரம் நூல் பிரிந்த பெல்ட் சாட்டை மாதிரி சுழன்று சட்டையைப் பிடிக்கும்.

ஓடும் தண்டைப் பழந்துணியால் துடைப்பது, வாயில் அடைபட்ட மிளகாயைக் கையால் தள்ளுவது, பெல்ட்டுக்கு மேலால் எட்டி எதையாவது எடுப்பது. இவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தள்ளுவதற்கு ஒரு கட்டை வைத்திருங்கள், கைபிடிக்குக் கீழே உள்ள பகுதி வாயின் ஆழத்தைவிடக் குட்டையாக இருக்கட்டும், முழுக்கத் தள்ளினாலும் உள்சுத்தியலைத் தொடாது.

கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் மண்ணெண்ணெய் மிசின்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கின்றன. கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள். எஞ்சின் பின்வாங்கினால் கயிறு திரும்ப ஓடும், கையும் அதோடு போகும். நுனியில் ஒரு கட்டையைக் கட்டி, கட்டையை விரல்களால் பிடித்து இழுங்கள், விட்டால் விடுபட வேண்டும். மறுநுனியின் முடிச்சும் சக்கரத்தின் வெட்டிலிருந்து தானாகக் கழன்று வர வேண்டும்.

லாண்ட்மாஸ்டரும் ரொட்டவேட்டரும்

செம்மண் தோட்டங்களில் லாண்ட்மாஸ்டர், அதாவது பின்னால் நடந்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு இயந்திரம், ஓட்டுகிறவர்கள் அதிகம் பயப்படுவது கவிழ்வதற்கு. நான் அதிகம் பயப்படுவது பின்னுக்கு எடுப்பதற்கு. ரொட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னுக்கு எடுத்தால், கைபிடி மேலே எழும்பும், நீங்கள் வரம்பிலோ மண்கட்டியிலோ தடக்கி விழுவீர்கள், கத்திகள் உங்கள் கால்மேல் வரும். பின்னுக்கு எடுக்கும் முன் ரொட்டவேட்டரின் கியரைக் கழற்றுவது ஒருபோதும் விடக் கூடாத பழக்கம்.

கத்தியில் புல்லோ வெங்காயப் பை வலையோ நைலோன் கயிறோ சுற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தாமல் கிளச்சை மட்டும் பிடித்துக்கொண்டு குனிந்து அறுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கிளச் சறுக்கும், அல்லது பின்னால் நிற்கிற சின்னவன் "உதவி" செய்வான். எஞ்சினை நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணும் கைபிடியை எடுத்துவிட்டு, ஒரு கைக்கத்தியால் வலையை அறுங்கள்.

பெரிய உழவு இயந்திரத்தின் பின் தண்டுக்கு பிளாஸ்டிக் உறை வரும், உறை சுற்றாமல் நிற்க ஒரு சின்னச் சங்கிலியும் வரும். உறை வெடித்திருந்தால், அல்லது சங்கிலி இல்லாமல் உறையும் சேர்ந்து சுற்றினால், உறை இல்லாததற்குச் சமன்தான். ஓடும் தண்டுக்கு மேலால் கால் தூக்கி வைத்துத் தாண்டாதீர்கள், சுற்றிப் போக இருபது அடிகூட இல்லை.

மிசின் என்று நினைக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார்சைக்கிளின் பின்சக்கரமும் ஒரு வாய்தான். சேலைக் காப்புக் கம்பியைத் தோற்றத்துக்காகக் கழற்றாதீர்கள், ஏறியதும் தலைப்பையும் சோலையும் மடியில் இழுத்து வையுங்கள்.

பிள்ளைகளும் வரிசையும்

மா அரைக்க அனுப்பும் பிள்ளை மிசின் ஓடுவதைப் பார்க்கத்தான் வரும். மிசினிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி ஒரு தடுப்புக் கம்பி போட்டு, அரிசி வாங்குவதையும் மா கொடுப்பதையும் அதற்கு வெளியே ஒரு மேசையில் வையுங்கள். கோடு போட்டால் போதாது, தைப்பொங்கல் கிழமையில் கோடு காலுக்கடியில் போய்விடும். வேலைக்கு எடுப்பதென்றால் 2021 ஆம் ஆண்டிலிருந்து ஆகக்குறைந்த வயது 16, ஆபத்தான வேலைக்கு 18.

தனியாக மிசின் ஓட்ட வேண்டாம். சத்தம் கேட்டு ஓடி வரக்கூடிய ஒருவர், சுவிச் எங்கே என்று தெரிந்தவர், பக்கத்தில் இருக்க வேண்டும். நிறுத்தும் பொத்தான் மிசினுக்குக் குறுக்கே எட்டாமல் தொடக்கூடிய இடத்தில் இருக்கட்டும், முடிந்தால் வாசலடியில் இன்னொன்றும்.

யாராவது சிக்கிவிட்டால்

இழுக்காதீர்கள். முதலில் நிறுத்துங்கள், மெயினை இறக்குங்கள். பெரியப்பா என்னிடம் ஓடி வராமல் சுவிச்சுக்கு ஓடினார், அது சரியான ஓட்டம்.

நின்ற பிறகு துணியையும் முடியையும் அறுங்கள். இதற்காகவே ஒரு கூரான கத்தரிக்கோல் சுவிச் பெட்டியோடு கட்டியிருக்கட்டும், அதில் சாக்கு வெட்டக் கூடாது. கை உருளைக்குள் இருந்தால் மோட்டரைப் பின்பக்கம் ஓட்டி எடுக்க முயல வேண்டாம், இரண்டாம் தரமும் நசுக்கும். பெல்ட்டை அறுத்து அல்லது கழற்றிச் சக்கரத்தை விடுவித்தால், மிசின் தெரிந்தவர் கையால் மெதுவாகத் தளர்த்தலாம். சுகமாக வரவில்லை என்றால் மிசினைத்தான் கழற்ற வேண்டும்.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து நேரே அழுத்துங்கள், கையை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அழுத்தியும் பீறிடுகிறது, அல்லது கை துண்டாகிவிட்டது என்றால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டில் படாமல், மூன்று நான்கு விரல் அகலத் துணியைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி இரத்தம் நிற்கும் வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள், வைத்தியசாலை போகும்வரை அவிழ்க்காதீர்கள்.

துண்டாகிய விரலையோ உரிந்த தலைத்தோலையோ தேடி எடுங்கள். நனைத்துப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் போகாத பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரே படக் கூடாது, பட்டால் சதை கருகும். மஞ்சளும் கோப்பித்தூளும் எதிலும் போட வேண்டாம். காயப்பட்டவருக்குக் குடிக்க, சாப்பிட ஒன்றும் கொடுக்காதீர்கள், சத்திரசிகிச்சை தேவைப்படும்.

1990 என்ற இலக்கத்துக்குக் கூப்பிட்டால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. கூப்பிடும்போது மில்லின் பெயர் சொன்னால் அவர்களுக்கு விளங்காது. எந்த வீதி, எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலுக்கு அல்லது பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று இப்போதே பெரிய எழுத்தில் எழுதி, சுவிச் பெட்டிக்கு மேலே ஒட்டிவிடுங்கள். பதறும்போது சொந்த ஒழுங்கையின் பெயரே வாயில் வராது. கூப்பிட்ட கையோடு ஒருவரை ஒழுங்கை முகப்புக்கு அனுப்புங்கள், இரவென்றால் டோர்ச்சோடு.